எட்டு வயதுக்கு எந்த சைஸ்?

பையன் ராத்திரியில் மெத்தையை நனைக்கிறான், டயப்பர் வாங்கப் போனேன். "குழந்தைக்கா, பெரியவங்களுக்கா?" என்று கேட்டார் பெங்களூர் அல்சூரில் இருக்கும் மெடிக்கல் ஷாப்காரர். "எட்டு வயசுப் பையனுக்கு" என்றேன். இடதுபக்க அலமாரியைப் பார்த்தார். அங்கே கன்னம் உப்பிய கைக்குழந்தைகள் சிரிக்கும் பாக்கெட்டுகள். வலதுபக்கம் திரும்பினார். அங்கே நரைத்த தலையோடு தாத்தாவும் பாட்டியும் சிரிக்கும் பாக்கெட்டுகள். நடுவில் எதுவுமில்லை. கடைசியில் இரண்டிலும் ஒவ்வொன்றை எடுத்து, நான் கேட்காமலே கறுப்புக் கவரில் போட்டுக் கொடுத்தார். "எது சேருதோ அதை வெச்சுக்குங்கக்கா."

எதுவும் சேரவில்லை. பையனுக்கு எடை 26 கிலோ, இடுப்பு 22 அங்குலம். குழந்தைகளுக்கான கடைசி சைஸில் 15 முதல் 25 கிலோ என்று அச்சடித்திருந்தது. ஒரு ராத்திரியில் தொடையைச் சுற்றிச் சிவப்பாகத் தடம் விழுந்துவிட்டது. பெரியவர்களுடைய மீடியம் நெஞ்சுவரை ஏறியது. தொடைப்பக்கம் என் கை தாராளமாக நுழைந்தது. இதெல்லாம் போகட்டும், குழந்தை டயப்பரின் முன்பக்கம் ஒரு கரடிக்குட்டி. "நான் என்ன பாப்பாவாம்மா?" என்று கேட்டுவிட்டு அதைக் கட்டிலுக்கு அடியில் எறிந்தான்.

இந்த நடு வயதுக்கென்றே தனியாக ஒரு பொருள் உலகத்தில் முப்பது வருஷத்துக்கும் மேலாக இருக்கிறது. பார்த்தால் ஜட்டி, வேலை டயப்பர் வேலை, ராத்திரிக்கு மட்டும். ஏன் இது குழந்தை டயப்பரைப் பெரிதாக்கியதாக இல்லை, ஏன் திரும்பத் திரும்ப மாற்றினார்கள் என்று தேடப்போய், நிறையப் படித்தேன். சிலவற்றைச் சமையலறை மேடையில் வெட்டியும் பார்த்தேன். என் கணிப்பு இது: அத்தனை மாற்றமும் இரண்டு கேள்விகளைச் சுற்றித்தான். எவ்வளவு வேகமாகக் குடிக்கிறது? போட்டிருப்பது வெளியே தெரிகிறதா? எவ்வளவு குடிக்கும் என்பது, விளம்பரத்தில் முதலில் வந்தாலும், மூன்றாவதுதான்.

முதலில் விஷயத்தைப் பிடித்துக்கொள்வோம். ஐந்து வயதுக்கு மேலும் தூக்கத்தில் சிறுநீர் போனால்தான் மருத்துவர்கள் அதற்கு ஒரு பெயர் வைக்கிறார்கள். ஐந்து வயதில் நூற்றுக்குச் சுமார் 15 பிள்ளைகள் இப்படி. வருஷத்துக்கு வருஷம் அவர்களில் 15 சதவீதம் பேருக்குத் தானாகவே நின்றுவிடுகிறது. ஒன்றிரண்டு பேருக்குப் பதின்வயதிலும் தொடரும். ஆண்பிள்ளைகள் அதிகம். ராத்திரியில் சிறுநீரைக் குறைக்கச் சொல்லும் ஹார்மோன் போதாமல் இருக்கலாம். சிறுநீர்ப்பை கொஞ்சத்திலேயே நிரம்பிவிடலாம். நிரம்பியது மூளைக்கு எட்டாத அளவுக்கு உறக்கம் ஆழமாக இருக்கலாம். பல பிள்ளைகளுக்கு இவை கலந்தே இருக்கும். திமிர், சோம்பல் என்பதற்கு இந்தப் பட்டியலில் இடமே இல்லை.

சேலத்திலிருந்து அத்தை வந்திருந்தபோது எள்ளுருண்டை பிடித்துக் கொடுத்தார். ஊரில் எல்லாரும் செய்வதுதான். பையன் ஆசையாகத் தின்றான், ராத்திரி வழக்கம்போல நனைத்தான். மறுநாள் காலை, மெத்தையை வெயிலில் சாய்த்துக்கொண்டே அத்தை சொன்னார்: "இவங்கப்பனும் பத்து வயசு வரைக்கும் இப்படித்தாம்மா. இதைப் போயி யாருகிட்ட சொல்றது." பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார் இவங்கப்பன். தாய் தகப்பனில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 44 சதவீதம், இருவருக்கும் இருந்திருந்தால் 77 சதவீதம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

அவங்கப்பன் காலத்தில் ரப்பர் ஷீட்டும் அதன்மேல் பழைய புடவையும்தான். வெளிநாட்டில் அப்போதே தூக்கிப்போடும் டயப்பர் இருந்தது. ஆனால் உள்ளே மரக்கூழில் செய்த பஞ்சு மட்டும். பஞ்சு தண்ணீரை இழுக்கும், பிடித்து வைத்துக்கொள்ளாது. ஈர ஸ்பாஞ்சின்மேல் உட்கார்ந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆகும். ராத்திரி முழுக்கத் தாங்க வேண்டுமென்றால் தலையணை கனத்துக்குப் பஞ்சு வைக்க வேண்டும். கைக்குழந்தைக்கு அது சரி. எட்டு வயசுக்காரன் அதை மாட்டிக்கொண்டு கால் அகட்டி நடப்பானா?

இந்தச் சிக்கலை உடைத்தது அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஒரு சரக்கு. இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரில், சோளமாவை ஒரு பிளாஸ்டிக்கோடு பிணைத்து, தன் எடையைப்போல நூற்றுக்கணக்கான மடங்கு தண்ணீர் குடிக்கும் பொருளை உருவாக்கினார்கள். விதை முளைப்பதற்கும் மண்ணில் ஈரம் தங்குவதற்கும் உதவும் என்பது அவர்கள் எண்ணம். (1961இல் பேம்பர்ஸை முதன்முதலாக விற்றுப் பார்த்ததும் இதே பியோரியாவில்தான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தற்செயல், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.) பிறகு கம்பெனிகள் மாவை விட்டுவிட்டு சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற வெள்ளைக் குருணைக்கு மாறின. 1980களின் தொடக்கத்தில் ஜப்பானியக் கம்பெனிகள் அதைப் பேடுகளிலும் டயப்பர்களிலும் வைத்தன. அமெரிக்கக் கம்பெனிகள் அந்தப் பத்தாண்டின் நடுவில் வந்து சேர்ந்தன.

எந்த டயப்பரையும் கத்தரித்துப் பஞ்சை உதறினால் இந்தக் குருணை உதிரும். தொட்டால் சர்க்கரைபோல நறநறக்கும். ஒரு டீஸ்பூன் குருணையை டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். டம்ளரைக் கவிழ்த்தாலும் விழாத ஜெல்லி ஆயிற்று. அதன்மேல் ஒரு சிட்டிகை தூள் உப்பு தூவச் சொன்னேன் பையனை. ஜெல்லி இளகி, தண்ணீரைக் கக்க ஆரம்பித்தது. அவனுக்கு இது மந்திரம். எனக்கு இதுதான் பாடம். குருணைக்குள் இருக்கும் சோடியம்தான் வெளியிலிருந்து தண்ணீரை உள்ளே இழுக்கிறது. வெளியிலும் உப்பு சேர்ந்துவிட்டால் அந்த இழுப்பு குறைந்துபோகிறது. சிறுநீரில் உப்பு உண்டு. அதனால் சுத்தமான தண்ணீரை முந்நூறு மடங்கு குடிக்கும் குருணை சிறுநீரை முப்பதிலிருந்து ஐம்பது மடங்கு வரைதான் குடிக்கும். முப்பது என்றே வைத்துக்கொண்டாலும் பத்து கிராம் குருணை 300 மில்லியைப் பிடித்துவிடும். கொள்ளளவு பெரிய கஷ்டமில்லை என்று சொன்னது இதனால்தான்.

கஷ்டம் வேறொரு இடத்தில் வந்தது. ஜவ்வரிசியை ஊறவைக்காமல் கொதிநீரில் மொத்தமாகக் கொட்டியவர்களுக்குத் தெரியும்: வெளிப்பக்கம் உடனே வெந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், நடுவிலிருப்பதற்குத் தண்ணீரே போகாது. ஆரம்பகாலக் குருணையும் இப்படித்தான். முதலில் நனைந்தவை உப்பிக் குழைந்து வழியை அடைத்துவிடும். பக்கத்திலேயே காய்ந்த குருணை சும்மா கிடக்க, சிறுநீர் அதை எட்டாமல் ஓரமாக வழிந்து ஓடும். இதைத் தவிர்க்கத்தான் நிறையப் பஞ்சைக் கலந்து குருணைகளை விலக்கி வைத்தார்கள். பிற்பாடு, ஒவ்வொரு குருணையின் மேல்தோலை மட்டும் இன்னொரு தடவை இறுக்கிப் பிணைக்கும் முறை வந்தது. உள்ளே மென்மை, வெளியே விறைப்பு. உப்பினாலும் குழையாமல் உருண்டையாகவே நிற்கும். இடுக்குகள் வழியே நீர் ஓடும். அதன்பிறகு பஞ்சைக் குறைக்க முடிந்தது. இன்றைய ஜட்டி மெல்லிசாக இருப்பதற்கு, வெளியே தெரியாத இந்த மேல்தோல் வேலைதான் பெரிய காரணம் என்பேன். பாக்கெட்டில் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

இனி வேகம். கைக்குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை போகும். அதற்கான டயப்பரும் அந்தக் கணக்கில்தான் செய்யப்படுகிறது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை ராத்திரி போவது ஒரே மூச்சில். சிறுநீர்ப்பையின் கொள்ளளவுக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது: வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால் மில்லி. எட்டு வயதுக்கு 270. ஒரு விநாடிக்குப் பத்து, பதினைந்து மில்லி வீதம் வந்தால் அரை நிமிஷத்துக்குள் எல்லாம் கொட்டித் தீர்ந்துவிடும். குருணை முழுசாக ஊறுவதற்கு அதைவிட நேரம் பிடிக்கும். இந்த இடைவெளியில் அந்த நீர் எங்கே போய் நிற்கும்?

அதற்கு விடைதான் மேல்துணிக்கும் குருணைக்கும் நடுவில் இருக்கும் அடுக்கு. வெட்டிப் பார்த்தால் சில கம்பெனிகளில் நீலமாகவோ பச்சையாகவோ தெரியும். பாத்திரம் தேய்க்கும் நாரை மெல்லிசாக இழைத்தது போன்ற செயற்கை இழை. அது எதையும் குடிப்பதில்லை. வெள்ளத்தை ஒரு நிமிஷம் தாங்கி, முன்னும் பின்னும் நீளவாக்கில் பரப்பி, குருணைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடுகிறது. ஏரிக்கு முன்னால் ஒரு வாய்க்கால் மாதிரி. சமீபத்து வடிவங்களில் குருணைப் படுகையிலேயே நீளமாகக் கோடுகள் விட்டிருக்கிறார்கள், அதுவும் வாய்க்கால்தான்.

மெடிக்கல்காரர் கொடுத்த இரண்டையும் சோதித்தோம். 250 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவாக உப்பு. ஆய்வுக்கூடங்களிலும் சிறுநீருக்குப் பதில் இதே 0.9 சதவீத உப்புநீர்தான். ஜட்டியைத் தட்டில் விரித்து, பையன் கெண்டியிலிருந்து இருபதே விநாடியில் ஊற்றினான். குழந்தை டயப்பரில் நடுவில் குளம் கட்டி, தொடைப்பக்க மடிப்பைத் தாண்டித் தட்டில் விழுந்தது. அரை நிமிஷம் கழித்துப் பார்த்தால் அதே டயப்பரின் பின்பாதி காய்ந்துதான் கிடந்தது. பெரியவர்களுடையது ஒரு சொட்டும் விடவில்லை. எங்கள் அலமாரியில் குடிப்பதும் இருக்கிறது, உடம்போடு ஒட்டி நிற்பதும் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இல்லை.

வடிவத்தில் பெரிய திருப்பம் 1989. கிம்பர்லி-கிளார்க் ஹக்கீஸ் பெயரில் புல்-அப்ஸ் என்ற, டாய்லெட் போகப் பழக்கும் ஜட்டியை அமெரிக்காவில் இறக்கியது. பக்கவாட்டு டேப் இல்லை; குழந்தையே இழுத்து மாட்டிக்கொள்ளலாம், இறக்கலாம். 1992இல் ஜப்பானின் யூனிசார்ம் டயப்பரையே பேன்ட் வடிவத்தில் விற்றது. இன்று இந்தியக் கடைகளில் பேன்ட்தான் ராஜா, டேப் வைத்ததைத் தேடித்தான் எடுக்க வேண்டும். 1994இல் கிம்பர்லி-கிளார்க்கே ராத்திரிக்கென்று தனியாகக் கொண்டுவந்தது குட்நைட்ஸ். நமக்கு அந்தப் பெயரைக் கேட்டால் கொசுவிரட்டிதான் ஞாபகம் வரும். ஐரோப்பாவில் அதே வகைக்கு டிரைநைட்ஸ் என்று பெயர்.

பழக்கும் ஜட்டியும் ராத்திரி ஜட்டியும் அண்ணன் தம்பிபோலத் தெரியும், நோக்கம் நேர் எதிர். பழக்குவதில் குழந்தைக்கு ஈரம் உறைக்க வேண்டும். நனைந்தால் மறைந்துபோகும் படமெல்லாம் அதற்குத்தான். ராத்திரியில் தூங்குகிற பிள்ளைக்கு ஈரம் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. தோல் காய்ந்து இருக்க வேண்டும், அவ்வளவே. கடையில் இரண்டையும் ஒன்றென்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. நானும் ஒருமுறை வாங்கினேன்.

டேப் போனதோடு, பெற்றவள் பிள்ளையைப் படுக்கப்போட்டு மாட்டிவிடுவதும் போயிற்று. பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அவனே மாட்டிக்கொள்கிறான். காலையில் பக்கத் தையலைக் கிழித்துக் கழற்றுகிறான். அது தையல்கூட இல்லை, அதிர்வால் உருக்கி ஒட்டியது. இழுத்துப் போடும்போது பிரியக்கூடாது, கிழிக்கும்போது பிரிய வேண்டும். இடுப்பைச் சுற்றி முடிபோல மெல்லிய எலாஸ்டிக் இழைகள் வரிவரியாக ஓடுகின்றன. ஒரே அகல எலாஸ்டிக்கை இறுக்கிக் கட்டினால் தடம் விழும். பல இழைகளைத் தளர்வாகப் பரப்பினால் பிடித்தும் நிற்கும், அழுத்தவும் செய்யாது.

படுக்கும் விதம்தான் இன்னமும் தலைவலி. நிற்கிற பிள்ளைக்கு நீர் கீழே இறங்கும். ஒருக்களித்துப் படுத்தவனுக்கு அது இடுப்போரம் போகும், குப்புறப் படுத்தவனுக்கு வயிற்றுப்பக்கம். தொடையோரம் நிமிர்ந்து நிற்கும் சுவர்போன்ற மடிப்புகள் இதற்காக வந்தவை. ஆண்பிள்ளைக்கு முன்பக்கமும் பெண்பிள்ளைக்கு நடுவிலும் குருணையைக் கூட்டி வைத்து, தனித்தனியாக விற்றதும் இதற்காகத்தான். ஆனாலும் மே மாதம் சேலத்துக்குப் போன ராத்திரி பஸ்ஸில், என் மடியில் ஒருக்களித்துப் படுத்தவனுக்குப் பெரியவர்களின் மீடியம் இடுப்பு வழியாகக் கசிந்தது. கிருஷ்ணகிரி தாண்டும்போது என் சேலை நனைந்துவிட்டது. அத்தனை நீரையும் அந்த ஜட்டி குடித்திருக்கும்தான். ஆனால் நீர் போன பக்கம் இடுப்பு தூக்கிக்கொண்டு நின்றது.

அடுத்தது சத்தம். இது நான் யோசிக்கவே இல்லாத விஷயம், பையன் சொல்லித்தான் தெரியும். "அது சரக்சரக்னு கத்துதும்மா. திரும்பிப் படுத்தா மாமா பசங்களுக்குக் கேக்கும்." பழைய டயப்பர்களின் வெளித்தோல் சாதா பாலிதீன், சத்தமும் போடும், புழுக்கமும் தரும். அதற்கு மாற்றாக வந்த படலம் எனக்கு ரொம்பப் பிடித்த தொழில்நுட்பம். பிளாஸ்டிக்கோடு சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து தாளாக்கி, பிறகு இழுக்கிறார்கள். எள் கலந்த மாவை இழுத்தால் எள்ளைச் சுற்றிக் கீறல் விடுமே, அதுபோல ஒவ்வொரு தூளையும் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத துளை விழுகிறது. ஆவி வெளியே போகும், நீர் போகாது. அதன்மேல் நெய்யாத துணியை ஒட்டிவிட்டால் தொடுவதற்குப் பருத்திபோல, திரும்பிப் படுத்தாலும் சத்தமில்லை.

நிறமும் படமும் இதே வழியில் மாறின. கரடிக்குட்டி போய், கடையில் வாங்கும் சாதாரண ஜட்டியில் இருப்பது மாதிரியான அச்சு வந்தது. 2000களின் பிற்பகுதியில் குட்நைட்ஸ் ஒருபடி மேலே போய், வெளியே தளர்வான பாக்சர் ட்ரௌசர், உள்ளே உறிஞ்சும் பட்டை என்று ஒன்றைச் செய்தது, பிறகு நிறுத்திவிட்டது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். முண்டா பனியனும் ட்ரௌசருமாகத் தூங்கும் நம் பிள்ளைகளுக்கு அது பொருத்தமாக இருந்திருக்கும்.

இதை மாட்டினால் பிள்ளை சோம்பேறியாகிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஜட்டி வைத்தியமில்லை, காரணமுமில்லை. வைத்தியம் தனி. ஈரம் பட்டதும் மணியடிக்கும் கருவி 1938இலேயே வந்துவிட்டது, இன்றும் முதல்வரிசையில் இருக்கிறது. மணி வைத்துப் பழக்கும் நாட்களில் இந்த ஜட்டி தேவையா என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளலாம். டெஸ்மோபிரசின் என்ற மாத்திரை உண்டு, மருத்துவர் சொன்னால் மட்டும். மலச்சிக்கல் இருந்தால் அதை முதலில் கவனிக்கச் சொல்வார்கள். ஆறு மாதம் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென மறுபடி ஆரம்பித்தாலோ, பகலிலும் கசிந்தாலோ, எரிச்சலோ அடங்காத தாகமோ இருந்தாலோ எந்த ஜட்டி நல்லது என்று தேடிக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெங்களூருக்கு வருவோம். ஆடி மாதத்துத் தூறலில் இங்கே இலவம்பஞ்சு மெத்தை நாலு நாளானாலும் காயாது; ஜட்டி தேடிப் புறப்பட்டதே அதனால்தான். இந்தியத் தர நிர்ணய அமைப்பு குழந்தை டயப்பருக்கு ஒரு தரமும் பெரியவர் டயப்பருக்கு இன்னொன்றும் வைத்திருக்கிறது. மெடிக்கல்காரரின் இரண்டு அலமாரி மாதிரியேதான். 2025 செப்டம்பர் 22 முதல் டயப்பர்களுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5ஆகக் குறைந்தது நல்ல விஷயம். ஆனால் நடு சைஸ் என்றால் இணையத்தில் இறக்குமதிச் சரக்கைத்தான் பிடிக்க வேண்டியிருந்தது, அதன் விலையில் அந்தக் குறைப்பு கடலில் கரைத்த பெருங்காயம். தினமும் மாட்ட எங்களால் ஆகாது. பயணத்துக்கும் விருந்தாளி வரும் நாளுக்கும் மட்டும். மற்ற நாளில் ரப்பர் ஷீட்டேதான்.

விலையை விட்டால் குப்பை. ஒரு ஜட்டியில் பிளாஸ்டிக் படலம், செயற்கை இழை, குருணை, மரக்கூழ், எலாஸ்டிக், எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டிய பசை. பிரித்தெடுக்க முடியாது, குருணை எளிதில் மக்காது. மறுசுழற்சிக்கு ஏற்ற பொருளால் செய்யப் பாருங்கள், இல்லையென்றால் ஒவ்வொன்றையும் சுற்றிப் போட உறை கொடுங்கள் என்று 2016ஆம் வருஷத்துத் திடக்கழிவு விதிகள் கம்பெனிகளுக்குச் சொல்லின. நான் வாங்கிய பாக்கெட்டுகள் எதிலும் உறை இல்லை. ஒன்றில் மட்டும் பின்பக்கம் சின்ன டேப் இருந்தது, சுருட்டி ஒட்டிவிடலாம். யோசித்துச் செய்த வேலை.

கர்நாடக உயர் நீதிமன்றம் 2015இல் இந்த ஊருக்கு விதித்தது இரண்டு தொட்டி, ஒரு பை: ஈரக் குப்பைக்குப் பச்சை, காய்ந்ததற்குப் பை, டயப்பர் வகையறாவுக்குச் சிவப்புத் தொட்டி. செய்தித்தாளில் சுற்றிச் சிவப்பு அடையாளம் போட வேண்டும், குப்பை பிரிப்பவர்கள் கையை விட்டுவிடக்கூடாது என்பதற்காக. எங்கள் வீட்டில் சுற்றுவது தினத்தந்தியில். சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெருக்கல் குறி போடுவது பையனின் வேலை, யாரையும் தொடவிடமாட்டான். கீழ்வீட்டுப் பையன் ஸ்கூல் பஸ்ஸுக்காக ஏழே காலுக்கு வாசலில் நிற்பான். குப்பை ஆட்டோ வருவது ஏழரைக்கு. பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் அந்தப் பொட்டலம் மாடியிலிருந்து இறங்கும்.